களரி ஆசான் காட்டும் மெய்ப்பயிற்சி

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கல்வி, தொழில், சிக்கனம், விவாகச் செலவு முதலிய பொருள்களைக் குறித்து அறிஞர் பலர் இம்மேடையில் நின்று பேசக் கேட்டிருக்கின்றோம். அவை யாவற்றிற்கும் அடிநிலமாய் நிற்பது உடம்பு. உடம்பு கெட்டபின், கற்ற கல்வி பயன்படாமற் போதலையும், ஈட்டிய பொருள் வைத்தியசாலை வாயிலிலே கரைந்து போதலையும் நம் குடும்பங்களிலேயே காண்கின்றோம். ஆதலின் இன்று உடற்பயிற்சியைப் பற்றிச் சில சொல்ல முற்பட்டோம்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு உடனடியான காரணம் ஒன்றும் உண்டு. சங்கக் கட்டிடத்தின் பின்புறத்து வெற்றிடத்தில் ஒரு பயிற்சிக் கூடம் அமைக்க வேண்டும் என்று நம் இளைஞர்கள் விண்ணப்பம் கொடுத்திருக்கின்றனர். இரும்புப் பொறிகளும் எடைக்கற்களும் வாங்குவதற்குப் பணம் ஒதுக்குக என்பது அவர் வேண்டுகோள். பெரியோர் சிலர், "இஃது ஆடம்பரம், கைகால் முறிவதற்கு வழி" என்கின்றனர். இரு திறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு, இரண்டும் அரையுண்மை. கூடம் வேண்டும் என்பது மெய். ஆனால் அக்கூடத்தில் முதலில் வர வேண்டியது இரும்பு அன்று.

நம் இல்லங்களில் இருவகைக் காட்சியைக் காணலாம். இளைஞன் ஒருவன் சில மாதங்களில் மார்பும் புயமும் பருக்க வேண்டும் என்று அவசரமாகப் பாரந் தூக்குகின்றான். புயம் பருக்கின்றது, ஆனால் கையைக் காதோடு ஒட்டி நேரே உயர்த்த இயலவில்லை. தொடை பருக்கின்றது, ஆனால் குதிகால் நிலத்திற் படியக் குந்தியிருக்க இயலவில்லை. பின்னர் ஒரு நாள் தோளிலோ இடுப்பிலோ ஒரு பிடிப்பு உண்டாக, பயிற்சியையே விட்டுவிடுகின்றான். மற்றொரு புறம், ஐம்பது அறுபது வயதினர் தரையில் அமர அஞ்சுகின்றனர். பந்தியில் இலைமுன் உட்கார்ந்தால் எழுந்திருக்க இருவர் கைகொடுக்க வேண்டியிருக்கின்றது. "வயதாயிற்று, வேறென்ன?" என்று அதனை விதியின்மேல் ஏற்றிவிடுகின்றனர்.

முன்னவன் வலிமையைத் தேடி நெகிழ்ச்சியைக் கைவிட்டான். பின்னவர் இரண்டையும் கைவிட்டனர். இவ்விரு நோய்க்கும் மருந்து ஒன்றே. உடம்பு எவ்வளவு தூரம் வளைகின்றதோ, நீள்கின்றதோ, தாழ்கின்றதோ, அந்த எல்லை முழுவதிலும் அதற்கு வலிமை உண்டாக்க வேண்டும். அந்த எல்லையைச் சிறிது சிறிதாக விரிக்க வேண்டும். நெகிழ்ச்சி வேறு, வலிமை வேறு என்று பிரித்தல் தகாது. இதனைப் போர்க்கலை ஆசான்கள் நெடுங்காலத்திற்கு முன்னரே அறிந்து, ஓர் ஒழுங்காக வகுத்து வைத்திருக்கின்றனர். அவ்வொழுங்கு தெளிவாக விளங்குவது நம் அண்டை நாடாகிய கேரளத்தின் களரிப்பயிற்றில் ஆதலால், அதனையே முதலில் எடுத்துக் கூறுகின்றோம்.

களரிப்பயிற்று நமக்கு முற்றிலும் அயலானதன்று. 1956-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டோடு இணைந்த கன்னியாகுமரிப் பகுதியில் தென்முறைக் களரி என்னும் ஒரு மரபு உண்டு. அது வர்ம வைத்தியத்தோடு பிணைந்தது. அகத்தியரைத் தன் முதலாசிரியராகக் கொண்டாடுவது. தென்முறையில் வெறுங்கைப் பயிற்சி தொடக்கத்திலேயே வரும். மலபார்ப் பக்கத்து வடமுறையிலோ, பயிற்சி நான்கு படிகளாக வகுக்கப்பட்டிருக்கின்றது. முதற்படி மெய்த்தாரி, அஃது உடம்பை மட்டும் கருவியாகக் கொண்டது. இரண்டாவது கோல்த்தாரி, நெடுங்கோல், குறுவடி முதலிய மரக்கருவிகளால் ஆவது. மூன்றாவது அங்கத்தாரி, கட்டாரி, வாளும் பரிசையும், குந்தம், சுருள்வாளாகிய உருமி என்னும் இவற்றால் ஆவது. நான்காவது வெறுங்கை. இந்நான்கனுள் மெய்த்தாரியே நம் பேச்சுக்கு உரியது.

வடமுறைக் களரி நிலத்தைத் தோண்டித் தாழ்த்திய மண்தளம் உடையது. மரபாக அதன் அளவு 42 அடி நீளமும் 21 அடி அகலமும் ஆகும். வாயில் கிழக்கே, தென்மேற்கு மூலையில் ஏழு படிகளையுடைய பூத்தறை. மாணாக்கன் உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு, மண்ணைத் தொட்டு வணங்கி உள்ளே இறங்குகின்றான். அங்கே இரும்புக் கருவி ஒன்றும் அவனுக்கு முதலிற் கொடுக்கப்படுவதில்லை. அவன் தூக்க வேண்டிய பாரம் அவன் உடம்பே.

மெய்த்தாரியில் முதலில் வருவது கால்வீச்சு. நேர்க்கால் என்பது, முழங்காலை மடக்காமல் காலை நேரே மேலே வீசி, தலைக்குமேல் உயர்த்திய கையைத் தொடுதல். காலை வட்டமாக வீசுதலும், குறுக்கே வீசுதலும், வீசித் திரும்புதலும் பின்னர் வரும். இறுதியில், வீசிய கால் இறங்கும்போதே உடம்பும் இறங்கி நிலத்தில் அமர்ந்து, மீண்டும் எழுதலும் உண்டு. பார்ப்பவர்க்கு இது காலை உயர எறியும் விளையாட்டுப் போலத் தோன்றும். உள்ளே நடப்பது வேறு. வீசும் காலின் பின்தொடை நீள்கின்றது. முன்புறத் தசைகள் அக்காலைத் தூக்குகின்றன. வயிறு இறுகி இடுப்பைக் காக்கின்றது. ஊன்றிய கால் முழு உடம்பையும் அசையாமற் தாங்குகின்றது. ஒரு வீச்சில் நெகிழ்ச்சி, வலிமை, சமநிலை என்னும் மூன்றும் ஒருங்கே பயிலப்படுகின்றன.

அடுத்து வருவன வடிவுகள். யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, மயில் முதலிய பிராணிகளின் பெயரால் எட்டு வடிவுகள் பொதுவாகக் கூறப்படுகின்றன. குதிரை வடிவில் முன்கால் முழங்கால் ஆழ மடங்க, பின்கால் நெடிது நீண்டு நிற்கும். இந்நிலையில் மாணாக்கன் சும்மா நிற்பதில்லை. அங்கிருந்து பாய வேண்டும்; திரும்ப வேண்டும்; மேலும் தாழ வேண்டும்; மீண்டும் அதே நிலைக்கு வர வேண்டும். தொடை நடுங்கும், வியர்வை மண்ணிற் சொட்டும். ஆசான் வாய்த்தாரி சொல்லச் சொல்ல, அச்சொல்லுக்கு இசைய உடம்பு இயங்க வேண்டும். வடிவுகளையும் கால்வீச்சுகளையும் கோத்துத் தொடுத்த தொடர்களே மெய்ப்பயிற்று என்பன.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. உடம்பை நீட்டி அந்நீட்சியிலேயே சோம்பிக் கிடக்க ஆசான் விடுவதில்லை. நீண்ட நிலையிலே வேலை கொடுக்கின்றார். பாரத்தைக் கூட்டுவதிலும் அவர் அவசரப்படுவதில்லை. தாழ்வைக் கூட்டுகின்றார், வேகத்தைக் கூட்டுகின்றார், எண்ணிக்கையைக் கூட்டுகின்றார். இவ்வகையாக உடம்பின் எல்லை விரியும்போதே அவ்வெல்லையைக் காக்கும் பலமும் உடன் வளர்கின்றது.

இக்காலத்துச் சரீர சாஸ்திரம் இதற்கு என்ன சொல்கின்றது என்று வினவுவீர்கள். தசையினுள்ளே நீட்சியை உணரும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. தசை திடீரென நீளும்போது அவை தண்டுவடத்திற்குச் செய்தி அனுப்ப, தசை தானே சுருங்கித் தன்னைக் காத்துக்கொள்ளும். பழகாத எல்லையில் உடம்பு இறுகுதல் இவ்வகைக் காவலின் பயனுமாகும். சில வாரப் பயிற்சியால் உண்டாகும் நெகிழ்ச்சியிற் பெரும்பகுதி, தசை உருமாறுதலால் அன்று, அந்நீட்சியைப் பொறுக்கும் ஆற்றல் கூடுதலால் விளைகின்றது என்பர் ஆய்வாளர். ஆதலால், எந்த எல்லையில் உடம்பு தன்னைத் தாங்கப் பழகியதோ அந்த எல்லையை அது விட்டுக்கொடுக்கும். தாங்க இயலாத எல்லையை எவர் வற்புறுத்தினும் எளிதில் விட்டுக்கொடாது.

வலிமைப் பயிற்சியையும் வெறும் நீட்டற் பயிற்சியையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2021-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளிவந்தது. மூட்டுகளின் இயக்க எல்லையை விரிப்பதில் அவ்விரண்டிற்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை என்பது அதன் முடிவு. "பாரம் தூக்கினால் உடம்பு கட்டையாகிவிடும்" என்னும் பழங்கூற்று இதனால் தளர்கின்றது. உடம்பைக் கட்டையாக்குவது பாரமன்று. பாதி தூரமே மடக்கிப் பாதி தூரமே நீட்டும் அரைகுறைப் பழக்கமே என்க. மேலும், ஒரு தசையை ஒரு நிமிடத்திற்கு மேல் அசையாமல் நீட்டி வைத்து, உடனே வலிய வேலையில் இறங்கினால், அத்தசையின் ஆற்றல் சிறிது நேரம் குறைந்து நிற்கும் என்பதும் கண்டறியப்பட்டிருக்கின்றது. களரியில் வேலைக்கு முன் வீச்சும், இயக்கமும், வியர்வையுமே வருகின்றன. அவ்வொழுங்கு இக்கண்டுபிடிப்போடு நன்கு பொருந்துகின்றது.

அவசரங் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. தசை விரைவில் வலுப்பெறும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களோ மெல்ல மெல்லவே வலுப்பெறும். சில மாதங்களிலே பருத்த தசை இழுக்கும் இழுப்பை அந்நாண் தாங்க இயலாதபோது நோவு தோன்றுகின்றது. "என் மகனுக்கு எப்போது கோல் கொடுப்பீர்கள்? எப்போது வாள் கொடுப்பீர்கள்?" என்று பெற்றோர் கேட்கும்போது, "மெய் ஆயத்தமாகட்டும்" என்று ஆசான் விடை கூறுவது பிகு அன்று. கையிற் கொடுக்கும் கோல், கையின் நீளத்தைக் கூட்டுகின்றது. கூடிய நீளத்தின் முனையில் உள்ள சிறு எடையும் தோளில் பேரெடையாய் விழும். அதனைத் தாங்கும் தோள் முதலில் வேண்டும்.

களரி ஆசானுடைய முறையில் உழைப்போடு ஓய்வும் சேர்ந்தே இருக்கின்றது. மழைக்காலத்திலே, சிறப்பாகக் கர்க்கடக மாதத்திலே, உழிச்சில் என்னும் எண்ணெய்த் தேய்ப்பு நடைபெறும். ஆசான் மேலே கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, நிலத்திற் கிடக்கும் மாணாக்கன் உடம்பைக் காலால் அழுத்தித் தேய்ப்பதும் உண்டு. உழிச்சில் காலத்தில் உணவு, உறக்கம், நடத்தை ஆகியவற்றிற்குக் கட்டுப்பாடு உண்டு. இதனால் எல்லா நோயும் தீரும் என்று யாம் சொல்லவில்லை. உழைத்த உடம்பிற்கு ஓய்வும் பராமரிப்பும் பயிற்சியின் பகுதியே என்று ஆசான் வகுத்ததையே சுட்டுகின்றோம். பாரந் தூக்கும் நம் இளைஞருள் பலர் தூக்கும் நாட்களை எண்ணுகின்றனர். உறங்கும் மணிகளை எண்ணுவதில்லை.

இனி, நம் ஊர்ப் பயிற்சிகளுக்கு வருவோம். சிலம்பம் பயிற்றும் நல்ல ஆசான், கம்பு சுழற்றக் கற்பிப்பதோடு காலடி வரிசையையும் விடாது பழக்குகின்றார். கால் சரியாக ஊன்றாதவன் கம்பு அழகாகச் சுழலலாம்; ஆனால் ஒரு தாக்குதலுக்கு நில்லாது. தண்டாலும் பஸ்கியும் மல்லர் கூடங்களில் நாள்தோறும் நிகழ்வன. தண்டாலில் இடுப்பை உயர்த்திப் பின் மார்பைத் தாழ்த்தி முதுகை வளைத்து எழும்போது, தோளும் முதுகெலும்பும் தம் எல்லை வரை சென்று மீள்கின்றன. பஸ்கியில் முழங்காலும் கணுக்காலும் முழுவதும் மடங்கி எழுகின்றன. கர்லாக்கட்டையோ இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் எடை பிடியிலன்று, தூரத்து முனையில் இருக்கின்றது. தலைக்குப் பின்னே அதனைத் தொங்கவிட்டுச் சுழற்றும்போது தோள் முழு வட்டமாக இயங்குகின்றது; அவ்வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் தோள் அதனைக் காத்து நிற்க வேண்டியிருக்கின்றது. பாட்டன் சுழற்றிய கனத்த கட்டையைப் பேரன் முதல் நாளே எடுத்தல் தகாது. சிறு கட்டையால் வட்டம் செம்மைப்பட்ட பின்னரே பெருங்கட்டை.

இங்கே ஒரு கண்டனமும் சொல்ல வேண்டியவராயிருக்கின்றோம். சில கூடங்களில், குழந்தையின் கால்களை இருபுறமும் இழுத்து விரித்து, முதுகின்மேல் ஆளை உட்காரவைத்து, அது அழ அழ அழுத்துகின்றனர். அதனைப் படம் பிடித்துப் பெருமையாகக் காட்டுவோரும் உளர். இது பயிற்சியன்று, கொடுமை. பிறர் அழுத்தத்தால் அடைந்த எல்லை மாணாக்கனுக்குச் சொந்தமானதன்று. அவன் தன் தசையால் அங்கே சென்று, தன் தசையால் மீண்டு வர வேண்டும். உழைப்பினால் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தசையில் உண்டாகும் மந்தமான நோவு இயல்பானது. சில நாளில் நீங்கிவிடும். மூட்டினுள்ளே குத்துவது போன்ற நோவும், வீக்கமும், மரத்துப்போதலும் இயல்பானவையல்ல. அவற்றைப் பொறுத்துக்கொள்வதை வீரம் என்று எண்ணற்க. உடனே நிறுத்தி மருத்துவரைக் காண்க.

தாய்மார்களே! இப்பயிற்சி ஆண்மக்களுக்கே உரியது என்று எண்ணுவோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். பெண் பூப்பெய்தியவுடன் ஓட்டமும் ஆட்டமும் நிறுத்தப்படுகின்றன. பின்னர் அவள் உடம்பு எழும்புவதற்கு வேறு வாய்ப்பே இல்லாமற் போகின்றது. வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மாள் என்னும் களரி ஆசாட்டியின் வரலாற்றை நோக்குங்கள். அவர் ஏழு வயதிற் களரியில் இறங்கினார். பூப்பெய்திய பின் பெண்கள் களரியை விடுவதே வழக்கமாயிருக்க, தந்தையாரின் ஆதரவால் அவர் விடாது பயின்றார். அவர் கணவர் இராகவன் குருக்கள் 1949-ஆம் ஆண்டில் கடத்தநாட்டுக் களரிச் சங்கத்தை நிறுவினார். கணவர் மறைந்தபின் அம்மையார் தாமே தலைமை ஏற்று, சிறாரும் சிறுமியரும் ஒருங்கு பயிலக் கற்பித்தார். கட்டணம் விதியாமல் குருதட்சிணை ஒன்றே பெற்றார். 2017-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தபோது அவர் எழுபத்தைந்து வயதை எட்டியிருந்தார். அவ்வயதிலும் அவர் கோலும் வாளும் ஏந்தி இளைஞரோடு பயின்றார். ஏழு வயதிலே தொடங்கி எழுபதுக்குப் பின்னும் தொடர்வதற்கு இடந்தரும் பயிற்சியை விட, நம் புதல்வியர்க்கு நாம் கொடுக்கத்தக்க சீதனம் வேறு யாது?

பெரியோர்களே! "எங்கள் காலம் முடிந்தது" என்று நீங்கள் சொல்லக் கேட்கின்றோம். அமெரிக்க தேசத்துப் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய, நலிந்த பத்துப் பேரைக் கொண்டு செய்த சோதனையொன்று 1990-ஆம் ஆண்டில் வெளிவந்தது. எட்டு வாரம் அவர்கள் கால்களுக்கு முறையான பாரப் பயிற்சி கொடுக்கப்பட்டது. அதனை முடித்த ஒன்பதின்மரின் கால்வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு கூடிற்று. தொடைத் தசையும் வளர்ந்தது. தொண்ணூறில் தசை வளருமாயின், அறுபதில் நம்பிக்கையிழப்பதற்கு இடமேது?

தரையினின்று எழுதலைப் பற்றியும் ஓர் ஆராய்ச்சி உண்டு. பிரேசில் தேசத்து மருத்துவர், 51 முதல் 80 வயதுக்குட்பட்ட 2002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் சொல்லி, கையையோ முழங்காலையோ ஊன்றியதற்குத் தக்கவாறு மதிப்பெண் இட்டனர். பின்னர் ஏறத்தாழ ஆறாண்டு தொடர்ந்து கவனித்தபோது, குறைந்த மதிப்பெண் பெற்றவரிடையே இறப்பு மிகுதியாக இருந்தது என்று 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தரையில் உட்கார்ந்து எழுந்தால் ஆயுள் நீளும் என்பது இதன் பொருளன்று. அவ்வாறு எழத் தேவையான கால்வலிமை, நெகிழ்ச்சி, சமநிலை ஆகியவை உடல்நலத்திற்கு ஓர் அளவுகோலாய் அமைகின்றன என்பதே பொருள். பாயில் உண்டு, பாயில் உறங்கி, நாளொன்றுக்குப் பன்முறை எழுந்து அமர்ந்த நம் முன்னோர், பயிற்சி என்ற பெயரின்றியே இதனைப் பயின்றனர். நாற்காலியும் மேசையும் வந்தபின் அதனை நாம் இழந்தோம். ஈடாக ஒன்றையும் மேற்கொள்ளவில்லை.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கின்றனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கின்றது. அவர்களில் அறுபது வயதைக் கடந்தோரே மிகுதி. குளியலறையிலும் வாயிற்படியிலும் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த பாட்டன்மாரும் பாட்டிமாரும் நம் குடும்பங்களில் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம். ஒற்றைக்காலில் நிற்றலும், தாழ்ந்து எழுதலும் போர்க்களத்து வித்தை மட்டுமல்ல. குளியலறை வாயிலில் உயிர் காக்கும் வித்தையுமாகும்.

அந்த ஸ்தாபனமே 2020-ஆம் ஆண்டில் வகுத்த நெறியும் உண்டு. பெரியவர்க்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பும், இரண்டு நாட்களுக்குக் குறையாமல் தசைவலிமைப் பயிற்சியும் வேண்டும். 65 வயதைக் கடந்தோர்க்கு இவற்றுடன் சமநிலையும் வலிமையும் கூடிய பயிற்சி வாரத்தில் மூன்று நாட்களாவது வேண்டும். 5 முதல் 17 வயதுச் சிறார்க்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உழைப்பும், அதில் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் மூன்று நாட்களும் வேண்டும். "படிப்புக் கெடும்" என்னும் பெற்றோர்க்கு, நாளில் ஒரு மணி நேரம் என்பது பெரிதன்று என்று நினைவூட்டுகின்றோம்.

"நம் முன்னோர் வீரர், வீரம் நம் இரத்தத்திலே இருக்கின்றது" என்று மேடைகளிற் பேசக் கேட்கின்றோம். சபையோரே! முன்னோரை நாம் வணங்குகின்றோம். ஆயினும் தசைக்குக் குலம் தெரியாது, கோத்திரம் தெரியாது. நேற்றுப் பயின்றவனுக்கு இன்று அது கைகொடுக்கும். பயிலாதவனை, அவன் எவர் பேரனாயினும், கைவிடும். முன்னோர் பெருமையைப் பேசும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தரையில் தாழ்ந்து எழுவதிற் செலவிட்டால், அவர்கள் நம்மைக் கண்டு மகிழ்வர்.

ஆதலின், நம் செயற்குழுவினர்க்கு யாம் பணிவுடன் முன்வைப்பது இது. முதல் ஆண்டில் இரும்புப் பொறி ஒன்றும் வாங்கவேண்டுவதில்லை. வெற்றிடத்தைச் சமன்செய்து மண்தளம் இட்டு, மழைக்கும் வெயிலுக்கும் ஒரு கூரை போட்டால் போதும். தேர்ந்த ஆசான் ஒருவரையும், மாதரும் சிறுமியரும் தயக்கமின்றி வருவதற்கு ஓர் ஆசாட்டியையும் அமர்த்துக. காலையிற் சிறாரும் இளைஞரும், மாலையிற் பெரியோரும் பயிலலாம். சிறிதும் பெரிதுமாகக் கர்லாக்கட்டைகளும், ஆளுக்கொரு கம்பும் இரண்டாம் பருவத்தில் வரட்டும். இரண்டாம் ஆண்டில் இளைஞர் விரும்பும் எடைக்கற்களும் வரட்டும். அதற்கு யாம் தடை கூறோம். அப்போது அவற்றைத் தாங்கும் உடம்பு அவர்களிடம் இருக்கும்.

ஆசானைத் தெரிந்தெடுக்கும்போது அவர் பெற்ற பதக்கங்களை மட்டும் எண்ணற்க. புதிதாய் வந்தவனை முதல் மாதத்தில் அவர் என்ன செய்விக்கின்றார் என்று பாருங்கள். மாணாக்கர் எல்லார்க்கும் ஒரே பாரமும் ஒரே தாழ்வும் விதிக்கின்றாரா, அவரவர்க்குத் தக்கவாறு அளந்து கொடுக்கின்றாரா என்று பாருங்கள். நோவு என்று ஒருவன் சொன்னால் நிறுத்துகின்றாரா, நகைக்கின்றாரா என்று கவனியுங்கள். ஓய்வு நாள் வகுத்திருக்கின்றாரா என்று கேளுங்கள். ஐந்தாண்டுக்கு முன் அவரிடம் பயின்றோர் இன்னும் பயில்கின்றனரா, நொண்டிக்கொண்டு வீட்டில் இருக்கின்றனரா என்று விசாரியுங்கள். இவ்வைந்திற்கும் நல்ல விடை கிடைக்குமாயின், அவரை நம்பிப் பிள்ளைகளை ஒப்படைக்கலாம்.

கூடம் எழும்பும் வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. இன்றிரவு உணவைத் தரையில் அமர்ந்து உண்ணுங்கள். எழும்போது எத்தனை கை ஊன்றினீர்கள் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இயலாதவர் உயரமான பலகையிலோ முக்காலியிலோ தொடங்கி, கைகொடுக்க ஒருவர் அருகிருக்க, நாள்தோறும் பத்துமுறை அமர்ந்து எழுங்கள். வாரங்கள் செல்லச் செல்லப் பலகையின் உயரத்தைக் குறையுங்கள். இரத்த அழுத்தம், இருதய நோய், மூட்டுத் தேய்வு உடையோர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக. இளைஞர்கள், குதிகால் நிலத்திற் படிய ஐந்து நிமிடம் குந்தியிருக்க இயலுமாவென்று தம்மைச் சோதித்துக்கொள்க. இயலாதாயின், எடைக்கல்லைச் சிறிது காலம் ஒதுக்கி வைத்து, அதனை முதலிற் சாதியுங்கள்.

வரும் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில், சங்கத்தின் வரவுசெலவுக் கணக்கோடு வேறொரு கணக்கும் படிக்கப்பெற வேண்டும் என்பது எம் விருப்பம். நம் பெரியோருள் எத்தனை பேர் பிறர் உதவியின்றித் தரையினின்று எழுகின்றனர், நம் சிறுமியருள் எத்தனை பேர் விடாது பயில்கின்றனர் என்னும் கணக்கே அது. அக்கணக்கில் மிச்சம் காட்டுமாறு நாம் யாவரும் உழைப்போமாக.